எண்ணுக்குக் கீழே ஒரு கோடு

நான் எழுதி அச்சில் வந்த ஒரே புத்தகம் பதினெட்டுப் பக்கம். அச்சு என்பதும் கொஞ்சம் மிகைதான். ஸ்டென்சிலில் தட்டி, சைக்ளோஸ்டைல் போட்டு, ஸ்டேப்ளர் அடித்தது. படித்தால் விரலில் மை ஒட்டும். கம்ப்யூட்டரில் படம் போடுவதற்கான அடிப்படைச் சொற்கள் நாற்பதுக்குத் தமிழில் விளக்கம். மதிப்புரை எதுவும் வரவில்லை. ஆனால் அதைச் சான்றாக வைத்து ஒருவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். என் அலமாரியில் இருக்கும் எந்தப் பெரிய எழுத்தாளரின் புத்தகத்துக்கும் அவ்வளவு உடனடிப் பலன் இருந்ததாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசி. எனக்கு முப்பத்தெட்டு வயது. வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை துவாக்குடியில். இரண்டு பஸ், நடுவில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு காத்திருப்பு, அந்தக் காத்திருப்பில் இருபது பக்கம் நாவல். கம்பெனி, பெரிய ஆலைகளுக்குக் குழாய்த் தாங்கிகளும் இரும்புச் சட்டங்களும் செய்துகொடுத்தது. அதன் டிராயிங் ஆபீசில் நான் சீனியர் டிராஃப்ட்ஸ்மேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டதால் வந்த பதவி.

நாங்கள் படத்தைப் பென்சிலில் போடுவோம். அதன்மேல் டிரேசிங் பேப்பரை விரித்து மையில் பிரதி எடுப்பது டிரேசர் வேலை. எங்கள் டிரேசர் ஒரு பெண்மணி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், புத்தூரிலிருந்து வருவார், கழுத்தில் சின்னச் சிலுவை. கணவர் காலமான பிறகு தாயாருக்கும் பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் அவர் சம்பளம்தான் சோறு. ஆபீசில் எல்லோருக்கும் அவர் அக்கா. நான் மட்டும் மேடம் என்பேன். அதை மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. படம் முடிந்து மை காய்ந்த பிறகு ஆர்டர் கொடுத்தவர்கள் போன் செய்து, "அந்த முப்பதை நாற்பதாக்கிக்குங்க" என்பார்கள். முழுப் படத்தையும் திரும்பப் போட நேரம் இருக்காது. பிளேடால் பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புது எண்ணை எழுதி, அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு இழுத்துவிடுவோம். கோடு இருந்தால், எண்ணை நம்பு, படத்தை அளக்காதே என்று அர்த்தம். பட்டறையில் எழுதப் படிக்கத் திணறுகிறவருக்குக்கூட இது தெரியும். தான் காட்டுவது தப்பு என்று தானே ஒப்புக்கொள்ளும் படம். மனிதர்களில் அப்படி யாரையும் நான் சந்தித்ததில்லை. அந்த அடிக்கோடு போடும் உரிமை டிராஃப்ட்ஸ்மேனுக்கு மட்டும்தான். டிரேசர் எண்ணைத் தொடக்கூடாது. பதினோரு வருஷத்தில் அவர் ஒரு எண்ணையும் தொட்டதில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஒரு அறையைத் தடுத்து, ஏசி மாட்டி, வாசலில் செருப்பு வைக்க ஒரு பலகையும் போட்டார்கள். சந்நிதிக்குள் நுழைகிற பழக்கம் பரம்பரையாக இருந்தபடியால் எனக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. பக்கத்தில் பிளாட்டர் என்று ஒரு இயந்திரம். பேனாவைப் பிடித்துக்கொண்டு தானே விறுவிறுவென்று படம் போடும். கேட்ட அளவில், வேண்டுமானால் நிஜப் பொருளின் அளவிலேயே போடும்.

மானேஜர் என்னைச் சென்னைக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார். மதிய இடைவேளையில் நான் இங்கிலீஷ் நாவல் படிப்பதைப் பார்த்து, கம்ப்யூட்டர் எனக்கு எளிதில் வரும் என்று முடிவு கட்டியிருந்தார். திரும்பி வந்ததும், "எல்லாருக்கும் புரியற மாதிரி தமிழ்ல ஒரு புத்தகம் போட்டுடுய்யா" என்றார். எழுத்தாளன் ஆகவேண்டும் என்று இருபது வருஷமாக ஆசைப்பட்டவனிடம் ஒருவர் வந்து புத்தகம் கேட்டால் என்ன ஆகும்? தூய தமிழில் ஆரம்பித்தேன்.

முதல் சொல் லேயர். 'அடுக்கு' என்று போட்டு, ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு லட்சணமாக, 'கோயிலைச் சுற்றிப் பிராகாரங்கள் இருப்பதுபோல' என்று விளக்கினேன். டிரேசர் அம்மாள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பிராகாரம் ஒண்ணுக்கு வெளியில ஒண்ணு இருக்கும் சார். இது ஒண்ணுமேல ஒண்ணு. நாலு டிரேசிங் பேப்பரை அடுக்கி வெளிச்சத்துல பிடிச்சா எல்லாம் சேர்ந்து தெரியும்ல, அதான். வேண்டாத தாளை உருவிட்டா அது மட்டும் மறையும். பேப்பர் எங்கேயும் போயிடாது."

எழுதிக்கொண்டேன். ஆரிஜின் என்பதற்கு அரைப் பக்கம் தத்துவம் வைத்திருந்தேன். அவர், "எல்லா அளவையும் எங்கேயிருந்து எண்ண ஆரம்பிக்கிறோமோ அந்தப் புள்ளி. அவ்வளவுதான சார்?" என்றார். அரைப் பக்கத்தை வெட்டினேன். பிளாக் என்பதற்கு, "சர்ச்சுல திருநாளுக்குக் கொடுக்கற மாதா படம் மாதிரி. அச்சு ஒண்ணு. எத்தனை வேணா எடுக்கலாம். அச்சுல முகத்தை மாத்தினா, அப்புறம் வர்ற எல்லாத்துலயும் முகம் மாறும்" என்றார். நாற்பதில் முப்பது சொல்லாவது அப்படி வந்தவை. முகப்பில் என் பெயர் மட்டும் இருந்தது. நன்றி என்று ஒரு வரி போட நினைத்தேன்; ஸ்டென்சிலில் இடம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது.

பன்னிரண்டாவது சொல் மட்டும் முழுக்க என்னுடையது. 'அளவு: கோட்டை நீட்டினால் எண் தானே மாறும். கோட்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அடித்து மாற்றுவது குற்றம்.' தவறு என்று எழுதியிருந்தாலே போதும். குற்றம் என்றால் ஓசை நன்றாக இருந்தது.

இப்படியாக நான் கம்ப்யூட்டர் அறையின் பொறுப்பாளன் ஆனேன். வேலையெல்லாம் அந்த அம்மாள் செய்தார். மூன்றே மாதத்தில் அவர் கை கீபோர்டில் ஓடியது. நான் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். யார் எழுதிய புத்தகம் என்று யாராவது கேட்பார்களோ என்ற பயத்தில் அதை நாவலுக்குள் வைத்துப் பார்ப்பேன்.

பட்டறையிலும் மாற்றம் வந்தது. மார்க்கிங் ஃபிட்டர் என்று ஒருவர். மணப்பாறைப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். தகட்டின்மேல் ஸ்கேல் வைத்து, படத்தில் உள்ள எண்ணைப் பார்த்துக் கோடு கீறி, எங்கே வெட்டவேண்டும் எங்கே துளை என்று குறிக்கிறவர். மானேஜர் ஒருநாள் நிஜ அளவில் எடுத்த பிளாட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தார். "இனிமே ஸ்கேலே வேண்டாம்யா. பேப்பரைத் தகட்டுல ஒட்டு, பஞ்ச் அடி, வெட்டு. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது."

ஃபிட்டர் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "பசை காயறதுக்குள்ள நான் கீறி முடிச்சிருவேன் சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரும் ஒட்ட ஆரம்பித்தார்.

அது ஒரு சனிக்கிழமை. டிரேசர் அம்மாள், மகளின் பள்ளியில் ஏதோ கூட்டம் என்று அரை நாள் லீவில் போயிருந்தார். பன்னிரண்டரைக்குப் போன்; நான்தான் எடுத்தேன். ஒரு கனமான சட்டத்தைக் கிரேனில் தூக்குவதற்காக அதன் தலையில் பற்றவைக்கும் காது. துளை போட்ட ஒரு சின்னத் தகடு, அவ்வளவுதான். சட்டத்தின் எடை கூடிவிட்டதாம். துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை இருபத்தைந்து மில்லிமீட்டர் இருந்ததை நாற்பதாக்க வேண்டும். துளையே முப்பது மில்லிமீட்டர். ஆக, இருபத்தைந்தில் துளைக்கு மேலே மிஞ்சும் இரும்பு பத்து; நாற்பதில் இருபத்தைந்து. கணக்கு சுலபம். இதை நான் எழுதும்போது இன்னொரு தரம் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

உட்கார்ந்தேன். ஸ்ட்ரெட்ச் என்ற கட்டளையைக் கொடுத்து விளிம்பை நீட்டவேண்டும். புத்தகத்தில் இருபத்தாறாவது சொல். நீட்டினேன், துளையும் சேர்ந்து நகர்ந்தது. அண்டூ கொடுத்துப் பழையபடி ஆக்கித் திரும்ப நீட்டினேன். மேல் வளைவு அறுந்து தனியே நின்றது. திரும்ப அண்டூ. ஒரு மணி பத்துக்கு என் பஸ். எண்ணின்மேல் போய், இருபத்தைந்தை அழித்து, நாற்பது என்று அடித்தேன். பிறகு, யாரும் சொல்லாமலே, என் கை அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு போட்டது. பதினைந்து வருஷத்துப் பழக்கம். திங்கட்கிழமை அந்த அம்மாளிடம் சொல்லிச் சரியாக நீட்டிவிடலாம் என்று எண்ணி, பிளாட் எடுத்து டிரேயில் போட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடித்தேன். உட்கார இடமும் கிடைத்தது.

திங்கட்கிழமை எனக்கு அது நினைவில் இல்லை. தாள் பட்டறைக்குப் போய்விட்டது.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் பட்டறையில் ஒரு சத்தம். சத்தம் பட்டறையில் புதிதில்லை. அதற்குப் பிறகு வந்த அமைதிதான் புதிது. சட்டம் தரையிலிருந்து ஒரு முழம்கூட எழும்பியிருக்கவில்லை. ஃபிட்டர் அடியில் கட்டையை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். காது துளைக்கு மேலே கிழிந்துவிட்டது. சட்டம் அவருடைய வலது கையின்மேல் இறங்கியது.

அன்று வீட்டில் நான் சாப்பிடவில்லை. "ஏன்னா, தளிகை ஆறிண்டே இருக்கு" என்று என் மனைவி இரண்டு தரம் கூப்பிட்டாள். ஆபீசில் ஒருத்தருக்கு அடி என்றேன். "ஐயோ பாவம், யார் தப்பு?" என்று கேட்டாள். தெரியலை என்றேன். அதுதான் முதல் பொய். மனைவியிடமே ஒத்திகை முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை புத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு ஆப்பிள் வாங்கிக்கொண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், அவர் எந்தக் கையால் ஆப்பிளை வெட்டுவார் என்று தோன்றியது. மணிக்கட்டுக்கு மேலேயே எடுத்திருந்தார்கள்.

"வாங்க சார்" என்றார். "பஸ்ல கூட்டமா?"

"பரவாயில்ல. நீங்க எப்படி இருக்கீங்க?"

"இல்லாத விரல்லாம் அரிக்குது சார். நர்சம்மா அப்படித்தான் இருக்கும்ங்குது." கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "அந்த நம்பருக்குக் கீழ ஒரு கோடு இருந்திச்சு சார்."

ஆப்பிள் பையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

"பார்த்தேன். பேப்பரை ஒட்டறப்பவே பார்த்தேன். பழைய டிராயிங்கா இருந்தா ஸ்கேல எடுத்திருப்பேன். கம்ப்யூட்டர்ல நம்ம ஆளுங்க கோடுல்லாம் எப்படி வரும், ஏதோ அலங்காரம்போலன்னு நெனைச்சிட்டேன். யாரு சார் அதைப் போட்டது?"

"விசாரிக்கிறாங்க" என்றேன்.

"அக்கா போட்டிருக்காது" என்றார் அவர். "டிரேசர் எப்படி சார் கோடு போடும்?"

ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தேன். போயிட்டு வரேன் என்றேன். அவர் வலது தோள் கும்பிடப் போவதுபோல அசைந்து, நின்றது.

விசாரணை சனிக்கிழமை, மானேஜர் அறையில். அவரும் நானும் அந்த அம்மாளும், எழுதிக்கொள்ள ஒரு டைப்பிஸ்டும். தாளைப் பார்த்து எண்ணைப் படிக்காதது ஃபிட்டரின் தப்பு என்று சொல்ல மானேஜரால் முடியாது. ஸ்கேலே வேண்டாம் என்றவர் அவர். ஆகவே தப்பு தாளில் இருந்தாகவேண்டும். தாளில் இருந்தால் தாளைப் போட்டவரிடம் இருந்தாகவேண்டும். தகட்டிலிருந்து உரித்த தாள் மேசைமேல் கிடந்தது. எண்ணெய்க் கறை, வேறு கறை. நாற்பது தெளிவாக இருந்தது. அதன் கீழே என் கோடும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். கையால் எழுதிய காலத்தில் எண்ணைப் பார்த்தே யார் எழுதியது என்று சொல்லிவிடலாம். என் நாலு, வால் நீண்ட நாலு. கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் ஒரே நாலு. தாளின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் அந்த அம்மாளின் இனிஷியல் இருந்தது. முதலில் படம் போட்டவர் அவர்தான். எண்ணை மாற்றிய தேதி எங்கும் இல்லை.

"என்னம்மா இது?" என்றார் மானேஜர்.

"படம் நான் போட்டதுதான் சார். இருபத்தஞ்சுன்னு போட்டேன். நம்பரை நான் மாத்தல."

"பின்ன தானா மாறிச்சா? உங்க பேரு போட்டிருக்கே."

"பேரு பிளாக்ல இருக்கு சார். யாரு திறந்து எடுத்தாலும் அதே பேருதான் வரும்."

மானேஜர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாய்யா?"

ஆம் என்பது ஒரு சொல். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் கடைசியாகத் திறந்தது யார் என்பது. அதற்கும் ஒரு சொல்தான் பதில். நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

"திறக்கிறவங்க அந்தக் கட்டத்துல பேரை மாத்திப் போடணும்னு புத்தகத்துல சொல்லியிருக்கேன் சார். ஏழாம் பக்கம்."

அதில் பொய் இல்லை. ஏழாம் பக்கத்தில் அது இருக்கிறது.

மானேஜர் புத்தகத்தைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு முன்னால் போய், பன்னிரண்டாவது சொல்லைச் சத்தமாகப் படித்தார். "எண்ணை மட்டும் அடித்து மாற்றுவது குற்றம். பார்த்தீங்களாம்மா? குற்றம்னே போட்டிருக்கு. இதைவிடத் தெளிவா ஒருத்தன் எழுத முடியுமா?" பிறகு என்னிடம், "நீ எழுதினதுதானே? சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு சார்."

அந்த அம்மாள் தாளைத் தன் பக்கம் இழுத்தார். நாற்பதுக்குக் கீழே இருந்த கோட்டின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். மானேஜருக்கு அந்தக் கோடு ஒன்றும் சொல்லவில்லை. அவர் கணக்கு இலாகாவிலிருந்து வந்தவர். டைப்பிஸ்டுக்கும் தெரியாது. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவர் விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பதில் வரும் என்று காத்திருக்கிறவர் பார்ப்பதுபோல. நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அதில் ரங்கநாதர் படுத்துக்கொண்டிருந்தார். அவரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு அந்த அம்மாள் விரலை எடுத்துவிட்டார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று மானேஜர் கேட்டார்.

"நம்பரை நான் மாத்தல" என்றார் இன்னொரு தரம். என் பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். சீனியர் சொல்லுக்கு எதிராக டிரேசர் சொல் எடுபடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அல்லது நானே சொல்லுவேன் என்று கடைசி வரைக்கும் நினைத்திருப்பார். இரண்டாவது காரணத்தை நான் அதிகம் யோசிப்பதில்லை.

மாத முடிவோடு போகச் சொன்னார்கள். கடைசி நாள் மேசையைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்தார். மை பேனாக்கள், செட் ஸ்கொயர், பிறகு அவருடைய பிரதியான என் புத்தகம். ஒவ்வொன்றாக வைத்தார்.

"கம்பெனி சாமான் சார். சரி பார்த்துக்குங்க."

"மேடம்..." என்றேன்.

"ஸ்ட்ரெட்ச் வரலைன்னா என்னைக் கேட்டிருக்கலாம் சார்" என்றார். "ரெண்டு நிமிஷ வேலை." டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நாலரை மணி பஸ்ஸுக்குப் போனார். வேறு எங்கும் டிரேசர் வேலை அப்போது இல்லை. எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த அவருக்கு, விபத்துக்குக் காரணமானவர் என்ற பேச்சு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு இடத்திலிருந்து எங்கள் மானேஜருக்குப் போன் செய்து விசாரித்தார்கள் என்று தெரியும். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு ஜவுளிக்கடைக்கு அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்குமேல் கேள்விப்படாமல் இருக்க, புத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டேன்.

ஃபிட்டர் திரும்பி வந்தார். கேட்டில் உட்கார வைத்தார்கள். காலையில் வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டை இடது கையால் நகர்த்துவார். முதல் வாரம் என்னிடம், "அக்கா ஏன் சார் போயிட்டாங்க?" என்று கேட்டார். விசாரணையில் அப்படித்தான் முடிவாச்சு என்றேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். நான் எழுதிய வால் நீண்ட நாலு, மணி எட்டு நாற்பது, அவர் முன்னால் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நோட்டை மட்டும் நகர்த்துவார்.

அடுத்த வருஷம் இன்னும் இரண்டு கம்ப்யூட்டர் வந்தது. மானேஜர் புத்தகத்தை மறுபடி அடிக்கச் சொன்னார். பழைய ஸ்டென்சில் கிழிந்திருந்ததால் முழுக்கத் திரும்ப எழுதினேன். நாற்பது சொல்லையும் எழுதிவிட்டு, நாற்பத்தொன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன். 'அடிக்கோடு: எண்ணை மாற்றிவிட்டுக் கோட்டை மாற்றாத டிராஃப்ட்ஸ்மேன் அந்த எண்ணுக்குக் கீழே போடுவது. டிரேசர் இதைப் போடுவதில்லை.' நான் எழுதியதிலேயே ஓசைக்காக ஒரு சொல்லும் சேர்க்காத வரி அதுதான். யாராவது படித்தால், யாராவது யோசித்தால், என்னைக் கூப்பிட்டுக் கேட்டால், சொல்லிவிடுவது என்று இருந்தேன். கேட்டால்தான்.

மானேஜர் படித்தார். பென்சிலால் அந்த இடத்தைத் தட்டினார்.

"இது கம்ப்யூட்டர் சொல் இல்லையேய்யா. பழைய பழக்கம். எதுக்கு இது? எடுத்துடு."

எடுத்துவிட்டேன். புத்தகம் நாற்பது சொல்லோடு, அதே பதினெட்டுப் பக்கத்தில், நூறு பிரதி அடித்து வந்தது. முகப்பில் என் பெயர் இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாக இருந்தது.